கேட்டுல நிக்கிறவர் வாய் திறக்கட்டும்!

(வட்டக்கானல் கூட்டத்தில் நமது தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம்)



2016 அக்டோபர்ல நம்ம வட்டக்கானல் பேரு நாடு முழுக்க அடிபட்டுச்சு, ஞாபகம் இருக்கா? கேரளாவில், கனகமலையில் சிலரை என்.ஐ.ஏ. கைது செய்தது. இங்கே வரும் இஸ்ரேல் பயணிகளைக் குறிவைத்தார்கள் என்பதும் அந்த வழக்கின் குற்றச்சாட்டு. 2019-ல் கொச்சி நீதிமன்றம் ஆறு பேருக்குத் தண்டனை கொடுத்தது.

சரி, ராத்திரி பனியில காட்டேஜ் கேட்டுல நிக்கிறது யாரு? ஏஜென்சி அனுப்பின செக்யூரிட்டி அண்ணன்தான். தப்பா ஒண்ணு நடந்தா முதல்ல பார்க்கப்போறதும் அவர்தான். பார்த்ததை அவரால சொல்ல முடியுமா?

பல இடங்கள்ல முடியாது. கேள்வி கேட்டா, "உனக்கெதுக்கு, கேட்டைத் திற!" புகார் சொன்னா, மறுநாளே வேற பாயிண்ட். சம்பளத்தைக் கேட்டா, ஓனர் ஏஜென்சியைக் கைகாட்டுவார். ஏஜென்சி ஓனரைக் கைகாட்டும். 12 மணி நேரம் நின்னு அவர் கத்துக்கிறது ஒண்ணுதான்: வாயை மூடு, சல்யூட் அடி.

நான் இன்ஜினியரிங் படிச்சவன். சென்சார் அலாரம் அடிக்கும்போதெல்லாம் ஒயரைப் பிடுங்கிட்டு, "ஏன் தீப்பிடிச்சுது?"ன்னு கேட்கலாமா?

2015-ல் திருச்சூர்ல, கேட்டைத் திறக்க லேட் ஆச்சுன்னு ஒரு காவலாளி மேல காரை ஏத்தினார் ஒரு தொழிலதிபர். காவலாளி இறந்துபோனார். தொழிலதிபருக்கு 2016-ல் ஆயுள் தண்டனை. காவலாளின்னா கேட்டைத் திறக்கிற கைதான்னு நினைக்கிற புத்தி அங்கே வரைக்கும் போகும்.

சட்டம் இல்லாமல் இல்லை. தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005-ல் வந்தது. உரிமம் இல்லாமல் ஏஜென்சி நடத்த முடியாது. புதிதாகச் சேருபவருக்கு 160 மணி நேரப் பயிற்சி என்கின்றன அதன் மாதிரி விதிகள். குறைந்தபட்ச ஊதியம், பி.எஃப். சட்டங்களை மீறும் ஏஜென்சியின் உரிமத்தை ரத்து செய்யலாம். கடைகள், நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021-லேயே சட்டத் திருத்தம் கொண்டுவந்தது.

இங்கே காட்டேஜ் நடத்துற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏஜென்சியோட கையெழுத்துப் போடும் முன்னாடி மூணு கேள்வி கேளுங்க: உரிமம் எங்கே? பயிற்சிச் சான்று எங்கே? பி.எஃப். கட்டின ரசீது எங்கே? அப்புறம் கேட்டுல ஒரு நாற்காலி போடுங்க. பார்த்ததை எழுத ஒரு நோட்டு கொடுங்க. போலீஸ் ஸ்டேஷன் நம்பரை அவர் கையிலேயே கொடுங்க. யார்கிட்டயும் அனுமதி கேட்காம அவரே கூப்பிடட்டும்.

அவர் பயமில்லாம பேசினாத்தான் நாம நிம்மதியாத் தூங்க முடியும்.



உங்க தெரு செக்யூரிட்டி அண்ணனுக்கும் இதை அனுப்புங்கள் 👇
#காவலாளிக்கும்_உரிமை_உண்டு