விடையும் வழியும்



எங்கள் கணக்கு ஆசிரியரான ஐயாவின் வகுப்பில் இரண்டு விதிகள் இருந்தன. நோட்டின் முதல் பக்கத்தில் பெயருக்குக் கீழே ஊர்ப்பெயரை எழுத வேண்டும். கணக்குக்கு விடையை மட்டும் எழுதினால் சுழியம்தான். எப்படி யோசித்தோம் என்று வரிவரியாக எழுதியிருந்தால், விடை தப்பாக இருந்தாலும் பாதி மதிப்பெண் போடுவார். அவர் நினைவாக நிறுவிய அறக்கட்டளையின் மேடையில் என் தொழிலைப் பற்றிப் பேச வந்தபோது, அந்த இரண்டு விதிகளையும் தாண்டி என்னால் யோசிக்க முடியவில்லை.

நான் மென்பொருள் எழுதுகிறவன். என் தொழிலில் இருப்பவர்கள் எக்ஸிலும் லிங்க்ட்இன்னிலும் ஃபேஸ்புக்கிலும் ஓயாமல் தங்களைப் பற்றி எழுதுகிறார்கள். எந்த ஊர், விடுமுறையில் என்ன செய்தேன், ஆபீஸ் வேலையைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்று எழுதுகிறார்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு இது வீண்வேலை. நல்ல சம்பளம் வாங்குகிற பிள்ளை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் என்ன என்று என் அம்மாவே கேட்டிருக்கிறார். அம்மாவிடம் அன்று எனக்குச் சொல்லத் தெரியாத பதிலை இன்று உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

வேலையில் சேரும் நாளில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறோம். பகலெல்லாம் எழுதும் நிரல் நிறுவனத்துக்குச் சொந்தம். வேலையை விட்டு வந்தால் அதில் ஒரு வரியைக்கூட வெளியே காட்ட முடியாது. கொத்தனார் பேருந்தில் போகும்போது தான் கட்டிய வீட்டை ஜன்னல் வழியே மகனுக்குக் காட்டலாம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த உளி பிடித்த கைகள் எந்த ஊருடையவை என்று உலகம் அறியும். எங்கள் விடைத்தாளையோ நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. எங்களிடம் மிஞ்சுவது நாங்கள் யோசித்த வழி, எங்கள் ஊர், எங்கள் ஞாயிற்றுக்கிழமை. அவற்றை நாங்களே எழுதாவிட்டால் வேறு யாராவது எழுதிவிடுவார்கள்.

இதைச் சும்மா சொல்லவில்லை. 2020 ஜூன் 30 அன்று, கலிஃபோர்னியா மாநிலத்தின் நியாயமான வேலைவாய்ப்பு, வீட்டுவசதித் துறை சிஸ்கோ நிறுவனத்தின் மீது சாதிப் பாகுபாட்டு வழக்கு தொடுத்தது. சான் ஹோசேவில் பணிபுரிந்த தலித் பொறியாளர் ஒருவர் இடஒதுக்கீட்டில் ஐ.ஐ.டி.யில் சேர்ந்தவர் என்பதை மேலதிகாரி ஒருவர் சக ஊழியர்களிடம் சொன்னார் என்பது புகாரின் தொடக்கம். நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. தனிநபர்கள் இருவர் மீதான வழக்கை 2023 ஏப்ரலில் அத்துறையே திரும்பப் பெற்றது. வழக்கின் போக்கைவிட என்னை உறுத்துவது புகாரின் அந்த முதல் காட்சிதான்: ஒருவருடைய அடையாளம் அவர் வாயால் வராமல், பிறர் வாயிலிருந்து வருகிறது.

லின் கான்வே என்ற அமெரிக்கப் பொறியாளரின் கதை இன்னும் நீண்டது. ஐ.பி.எம்.மில் கணினியின் வேகத்தைக் கூட்டும் அடிப்படை வேலையைச் செய்தவர். பெண்ணாக மாறப்போவதாகச் சொன்னதற்காக 1968-இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பெயரை மாற்றி, பழைய சாதனைகள் எதையும் சொல்லிக்கொள்ள முடியாமல், முதலிலிருந்து தொடங்கினார். சில்லு வடிவமைப்பைப் பற்றி கார்வர் மீடுடன் சேர்ந்து அவர் எழுதிய பாடநூல் 1980-இல் வந்து ஒரு தலைமுறைக்கே பாடமானது. சுமார் முப்பது ஆண்டுகள் மறைந்து வாழ்ந்தபின் தன் வரலாற்றைத் தானே இணையத்தில் எழுதினார். ஐ.பி.எம். 2020-இல் மன்னிப்புக் கேட்டது. அவர் 2024-இல் காலமானார். அவர் எழுதியிராவிட்டால் அந்த மன்னிப்பை யாரிடம் கேட்டிருப்பார்கள்?

நானும் மறைத்தவன்தான். முதல் வேலையில் எந்த ஊர் என்று கேட்டால் "விழுப்புரம் பக்கம்" என்பேன். தியாகதுருகம் என்று சொன்னால் அடுத்த கேள்வி எந்தத் தெரு, அதற்கடுத்தது என்ன ஆளுங்க என்று போகும் என்ற பயம். அந்த ஊரின் மலைக்கோட்டையின் நிழலில் வளர்ந்தவன், பத்தாண்டுக் காலம் அந்தக் கோட்டையின் பெயரை வாயில் எடுக்கவில்லை. இதற்காக ஐயாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

ஊர்ப்பெயரைச் சொல்லி எழுதலாம் என்று எனக்கு முன்பே ஒருவர் செய்து காட்டியிருந்தார். எழுத்தாளர் சுஜாதா என்ற எஸ். ரங்கராஜன் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர். மின்னணு வாக்கு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு கொண்டவர். கணையாழி இதழின் கடைசிப் பக்கத்தில் அவர் எழுதியது "ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்." என்ற பெயரில். படித்த புத்தகம், பார்த்த படம், பிடித்த கவிதை, கணினி எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். ஊரை முன்னால் வைத்துக்கொண்டே ஒரு பொறியாளர் தன் ரசனையைப் பொதுவில் வைத்தார். கணினியைக் கண்ணால் காணாத எத்தனையோ தமிழ் வாசகர்களுக்கு அதன் முதல் அறிமுகம் அவர்தான்.

பொழுதுபோக்கை எழுதுவது வீண் என்பவர்களுக்கு இன்னொன்று: அதிலிருந்தே பிறருக்கு உதவும் மென்பொருள் பிறந்திருக்கிறது. லினக்ஸைத் தந்த லினஸ் டோர்வால்ட்ஸுக்கு ஆழ்கடல் முக்குளிப்பில் ஆசை. 2011-இல் லினக்ஸ் நிரலை வைத்திருந்த தளத்துக்குள் யாரோ புகுந்துவிட, அது முடங்கிய நாட்களில் முக்குளிப்புக் கணக்கு எழுதும் செயலி ஒன்றை உருவாக்கி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். பைத்தான் மொழியும் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் கீடோ வான் ராசம் பொழுதுபோக்காகத் தொடங்கியதுதான்.

வேலை பற்றிய கருத்துக்கு வருகிறேன். இங்கேதான் காலில் முள் குத்தும். முதலாளிகள் தாராளமாகப் பேசுகிறார்கள். ஸோஹோவின் ஸ்ரீதர் வேம்பு தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலிருந்து ஊரைப் பற்றியும் தொழிலைப் பற்றியும் அடிக்கடி எழுதிவருகிறார். ஒரு கிராமத்தின் பெயர் அப்படி உலகுக்குத் தெரிந்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் நாராயண மூர்த்தி சொன்னார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் 90 மணி நேரம் என்றார். அந்த மணிகளை உழைக்க வேண்டியவர்களில் பலரோ பெயரில்லாத கணக்குகளிலிருந்து பதில் எழுதினார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். இணையப் பதிவுக்காகக் கைது செய்ய இடம்கொடுத்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று செல்லாததாக்கியது. ஆனால் அந்தத் தீர்ப்பு நம்மைக் காப்பது அரசிடமிருந்துதான், அப்ரைசல் போடும் மேனேஜரிடமிருந்து இல்லை. ஐ.டி. ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-இல் தெளிவுபடுத்தியதை என் அலுவலகத்தில் பாதிப்பேர் அறிய மாட்டார்கள். தனியாளாக எழுதப் பயந்தால் சேர்ந்து எழுதுங்கள்.

அவசரம் மட்டும் வேண்டாம். 2022 ஜூலையில், பக்கத்துக் கனியாமூரில், பள்ளி மாணவி ஒருவரின் சாவுக்குப் பின், கைப்பேசியில் பரவிய செய்திகளின் சூட்டில் பள்ளிப் பேருந்துகள் எரிந்ததைப் பார்த்தவர்கள் நாம். ஒரு குழந்தையை இழந்த துயரம் அந்தப் புகையில் மறைந்துபோனது. வாடிக்கையாளரின் தகவலையும் அலுவலகக் கடவுச்சொல்லையும் தவறிக்கூட வெளியே போடாதீர்கள். கோபம் வந்த இரவில் எழுதியதைக் காலையில் படித்துவிட்டு வெளியிடுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் சுயகுறிப்பில் ஊரை "தியாகதுருகம்" என்று மாற்றினேன். அதன் கீழே, வேலையில் நான் செய்த ஒரு தவறைப் பற்றியும் அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பது பற்றியும் தமிழில் எழுதினேன். இரண்டு வாரம் கழித்து, கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துப் பெண் ஒருவர் எழுதினார்: "அண்ணா, துருகம்னு பார்த்துட்டுதான் கேக்கறேன். எங்க வீட்டுல லேப்டாப் இல்ல. போன்லயே பைத்தான் படிக்கலாமா?"

படிக்கலாம் என்று எழுதினேன். எந்தச் செயலி, முதலில் எந்தப் பாடம் என்று சொன்னேன். மறுநாள் முதல் கணக்கை அனுப்பினார். கடுக்காய் மூட்டைகளின் எடையைக் கூட்டி, கிலோ விலையால் பெருக்கும் நிரல் அது. விடை தப்பு. ஆனால் எப்படி யோசித்தார் என்பதை ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தமிழில் எழுதியிருந்தார். மூன்றாவது வரியில் பிழை இருந்தது. வழியை எழுதியிருந்ததால் அது பார்த்ததும் தெரிந்தது.