முதிய விண்மீனைச் சுற்றும் வாயுத் தட்டு

முதுமையுற்ற விண்மீன் தன் புறப்போர்வையை வீசியெறியும். அவ்வாயு வெளிநோக்கி விரிந்து கலைந்துவிடும் என்று நூல்களிற் கற்கிறோம். ஆயினும் சில முதிய விண்மீன்களைச் சுற்றி, கலையாமல் தங்கிச் சுழலும் வாயுத் தட்டுகள் உள்ளன. அச்சுழற்சியை அறிஞர் எவ்வாறு உறுதிசெய்தனர் என்பதையே இன்று கூற விழைகிறேன்.

ஓரியன் விண்மீன் குழுவிற்குக் கிழக்கே, மானோசரஸ் குழுவில், செந்நிறச் செவ்வகம் என்னும் ஒளிமுகில் உள்ளது. அதன் நடுவில் இரு விண்மீன்கள் ஏறத்தாழ 320 நாட்களுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. அவற்றைச் சூழ்ந்த தட்டு, ஏறக்குறைய விளிம்புப் புறமாக நமக்குத் தோன்றுகிறது. அங்குள்ள கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள் பம்பரம்போற் சுழல்கின்றன. அச்சுழற்சி இரண்டாம் படியினின்று முதற்படிக்குத் தாழும்போது 1.3 மில்லிமீட்டர் நீளமுள்ள ரேடியோ அலை பிறக்கிறது. வாயு நம்மை நெருங்கினால் அந்நீளம் சற்றே குறையும், விலகினால் மிகும்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. நெருங்கும் வாயுவிற்கு ஒன்றும் விலகும் வாயுவிற்கு ஒன்றுமாக, அலையின் வரைபடத்தில் இரு முகடுகள் தோன்றலாம். தட்டு சுழன்றாலும் அவை தோன்றும். வளையமாக விரிந்தாலும் தோன்றும். இவற்றுள் எதனைக் கொள்வது?

திருவிழாவில் குடைராட்டினத்தைச் சற்று விலகி நின்று பாருங்கள். ஓர் ஓரத்துக் குழந்தைகள் உங்களை நோக்கி வருவர். மறு ஓரத்தவர் விலகிச் செல்வர். குளத்தில் எறிந்த கல் எழுப்பும் வளையமோ அவ்வாறன்று. கரையிலிருந்து நோக்கினால் நெருங்கும் பகுதி நடுவிற்கு முன்னும், விலகும் பகுதி நடுவிற்குப் பின்னும் இருக்கும். ஆகவே, இரு முகடுகளும் எவ்விடத்திலிருந்து வருகின்றன என்று படம் எடுத்தால் விடை கிடைக்கும்.

படத்தோடு பணி முடிவதில்லை. ஆய்வாளர் கணக்கிலே ஒரு தட்டைப் படைப்பர். அதன் அடர்த்தியும் வெப்பநிலையும் வேகமும் மையத்திலிருந்து எவ்வாறு மாறுமென ஊகிப்பர். ஒவ்வொரு பகுதியும் உமிழும் அலையையும், இடையிலுள்ள வாயு விழுங்கும் அலையையும் கணிப்பர். கணக்குப் படமும் வானப் படமும் ஒவ்வாவிடின் ஊகத்தைத் திருத்துவர். கெப்ளர் விதிப்படி, நான்கு மடங்கு தொலைவில் வேகம் பாதியாதல் வேண்டும். அவ்வேகத்தினின்றே மைய விண்மீன்களின் நிறையும் புலப்படும்.

2003-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு வானியலறிஞர் புஹாரபல் குழுவினர், பிரான்சின் பிளாட்டோ டி பூர் மலைத் தொலைநோக்கிகளால் இச்சுழற்சியைக் கண்டனர். துணை விண்மீனின் ஈர்ப்பே வெளியேறிய வாயுவிற்குச் சுழற்சியை அளித்தது என்பது அறிஞர் கருத்து. பின்னர், சிலி நாட்டில் 5,000 மீட்டர் உயரத்திலுள்ள அல்மா தொலைநோக்கிகள் கூரிய படம் தந்தன. சுழலும் தட்டை மட்டும் கொண்ட கணக்கு அப்படத்திற்குப் போதவில்லை. தட்டினின்று ஒரு பகுதி வாயு மெல்ல வெளியேறுவதும் 2013-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வால் தெரிந்தது.

மாணவ நண்பர்களே, கணக்கு பொருந்தியபோது சுழற்சி உறுதியாயிற்று; பொருந்தாதபோது புதிய உண்மை வெளிப்பட்டது. நீங்கள் போடும் கணக்கும் சோதனையும் மாறுபடும்போது, விடையை அழிக்குமுன் அம்மாறுபாட்டின் காரணத்தைத் தேடுங்கள்.