சராசரி சொல்லாத வெப்பம்

புவியின் சராசரி வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட ஒரு டிகிரி செல்சியசுக்கு மேல் உயர்ந்துவிட்டது என்பது இன்று பலரும் அறிந்த செய்தி. ஆனால், எந்த உயிரும் ஆண்டுச் சராசரியில் வாழ்வதில்லை என்பதும், ஒரு பகலின் உச்சமும் ஓர் இரவின் தணிவும் இடைவிடாது நீளும் வெப்ப நாள்களுமே அதன் பிழைப்பையும் இனப்பெருக்கத்தையும் தீர்மானிக்கின்றன என்பதும் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

பூச்சி, தவளை, பல்லி முதலிய, உடல் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து பெறும் உயிரினங்களின் வளர்ச்சி வேகம் வெப்பநிலைக்கேற்ப மாறுவதைக் காட்டும் கோட்டை வெப்பச் செயல்திறன் வளைவு என்பர். அது மெல்ல ஏறி, உச்சத்தைத் தொட்டபின் செங்குத்தாகச் சரியும் இயல்புடையது. ஆகவே உச்சத்தருகே வாழும் ஓர் உயிருக்கு ஐந்து டிகிரி குறைந்தால் நேரும் நட்டம் சிறிது. ஐந்து டிகிரி கூடினால் நேர்வதோ பெரிது. வெப்பமும் குளிர்ச்சியும் மாறிமாறி வந்து சராசரியைச் சமன் செய்துவிட்டாலும் உயிரினத்தின் இழப்பு சமனாவதில்லை என்னும் இவ்வுண்மைக்கு, டென்மார்க்கின் கணிதவியலர் யோகான் ஜென்சன் 1906-இல் வெளியிட்ட சமனின்மைத் தேற்றம் அடிப்படை தருகிறது. பருவ மாற்றம் குறைந்த வெப்பமண்டலத்தில் உருவான உயிரினங்களின் தாங்கும் எல்லை குறுகியதாக இருக்கும் என்று அமெரிக்கச் சூழலியலர் டேனியல் ஜான்சென் 1967-இல் முன்வைத்த கருத்தையும் இதனோடு சேர்த்துப் பார்த்தால், குறைந்த அளவே வெப்பமுறும் நிலப்பகுதிகளில்கூட ஆபத்து மிகுதியாக இருக்கக்கூடும் என்பது தெளிவாகும்.

நெற்பூவை அருகில் வைத்துப் பார்க்கலாம். கதிரின் ஒவ்வொரு பூவும் பெரும்பாலும் முற்பகலில், ஏறத்தாழ ஒரு மணி நேரமே விரிந்திருக்கும். அதற்குள் மகரந்தப்பை வெடித்து, மகரந்தம் சூல்முடியில் விழுந்து முளைத்தாக வேண்டும். அவ்வேளையில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டுமானால் மகரந்தப்பை சரிவர வெடிப்பதில்லை; பூ பதராகிவிடுகிறது. பயிர்க்காலம் முழுவதற்கும் கணக்கிட்ட சராசரியில் அந்த ஒரு மணி நேரம் தென்படவே தென்படாது. மேலும், உலர்ந்த காற்றில் கதிர் நீராவிப்போக்கால் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். புழுக்கத்தில் அவ்வழி அடைபடுவதால் அதே வெப்பம் கூடுதல் கேடு செய்யும். ஒரைசா அஃபிசினாலிஸ் என்னும் காட்டு நெல் அதிகாலையிலேயே பூக்கும் பண்புடையது என்பதால், அப்பண்பைச் சாகுபடி நெல்லில் ஏற்றிப் பூக்கும் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவரும் முயற்சி வெற்றி கண்டுள்ளது. வெயிலைத் தாங்கச் செய்வதை விடுத்து, வெயிலுக்கு முன்பே கருவுறச் செய்யும் இவ்வழி மிகவும் போற்றத்தக்கது.

பகலில் தப்பிய பயிரையும் இரவு வாட்டக்கூடும். பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1979 முதல் 2003 வரை இரவு வெப்பநிலையின் ஆண்டுச் சராசரி 1.13 டிகிரி உயர்ந்தது. வறண்ட பருவத்தில் இரவு வெப்பநிலை ஒரு டிகிரி கூடும்போது விளைச்சல் 10 விழுக்காடு குறைவதாக 2004-இல் வெளியான அந்நிலையத்தின் ஆய்வு காட்டியது. பகலில் சேர்த்த மாவுச்சத்தைப் பயிர் வெப்பமான இரவில் சுவாசத்திற்கே மிகுதியாகச் செலவிடுவது இதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று.

உடல் வெப்பத்தைத் தானே பேணும் பாலூட்டிகளுக்கும் எல்லை உண்டு. ஆஸ்திரேலியாவின் பழந்தின்னி வௌவால்கள் வெயில் ஏற ஏற முதலில் சிறகை விசிறியும், பின்னர் நிழல் தேடியும், அதன்பின் மூச்சிரைத்தும், உடலில் எச்சிலைத் தடவியும் தம்மைக் காக்க முயல்கின்றன. 42 டிகிரியைக் கடந்தால் இம்முயற்சிகள் பயனற்றுப்போய்க் கூட்டமாக விழுந்து இறக்கின்றன. 2018 நவம்பரில் கெயின்ஸ் பகுதியைத் தாக்கிய வெப்ப அலையில், கண்ணாடி அணிந்தாற்போன்ற முகமுடைய பழந்தின்னி வௌவால் இனத்தில் ஏறத்தாழ 23,000 மடிந்தன. ஆண்டுக்கு ஒரே குட்டி ஈனும் இனத்துக்கு இது எளிதில் ஆறாத புண்.

பவளத்தின் நிலையோ வேறு. அதன் திசுக்களில் வாழ்ந்து உணவளிக்கும் நுண்பாசி, கடல்நீர் வழக்கமான வெப்ப மாதத்தைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரங்கள் நீடித்தால் வெளியேற்றப்படுகிறது. வெண்ணிற எலும்புக்கூடு தெரியத் தொடங்கும் அந்நிலையே வெளிறல். விரைவில் கடல் குளிர்ந்தால் பாசி மீண்டும் குடியேறும். அமெரிக்கச் சமோவாவின் ஓஃபு தீவில், வற்றுநேரத்தில் 34 டிகிரிக்கும் மேல் சூடேறும் குட்டைகளில் வளரும் பவளங்கள் அருகிலுள்ள மற்றவற்றைவிட வெப்பத்தை நன்கு தாங்குகின்றன. ஏற்ற இறக்கம் எப்போதும் பகையன்று என்பதை அவை காட்டுகின்றன. ஆயினும், அக்குட்டைகளின் வெப்பம் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். கடல்வெப்ப அலையோ வாரக்கணக்கில் தங்கிவிடும். மன்னார் வளைகுடா 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெரும் வெளிறலைக் கண்டது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டிலோ 2016-க்கும் 2024-க்கும் இடையில் மட்டும் 2016, 2017, 2020, 2022, 2024 என ஐந்து முறை நிகழ்ந்துவிட்டது. விரைந்து வளரும் பவள வகைகளுக்கே ஒரு பேரழிவிலிருந்து மீள ஏறக்குறைய பத்தாண்டுகள் தேவைப்படுகின்றன.