காதுவலி இல்லை, தாடை

எங்கள் சின்னக்கானல் தேயிலை மலையில் விடிகாலைக் குளிருக்குப் பல் தானாகவே கிட்டிக்கொள்ளும். கொழுந்து கிள்ளப் புறப்படும்போது காதோரம் வலி. காதுவலிதான் என்று சொட்டு மருந்து விடுவோம், அடங்காது. வலி காதில் இல்லாமல் தாடையில் இருக்கலாம்.

காதுக்கு முன்னால் விரலை வைத்து, வாயைத் திறந்து மூடுங்கள். ஒரு குமிழ் உருளுகிறதா? அதுதான் தாடை மூட்டு. உள்ளே எலும்புகளுக்கு நடுவில் ஒரு மெத்தைத் தட்டு. அது கொஞ்சம் நழுவினால் 'டக்' என்று சத்தம். வலியில்லாத வெறும் சத்தத்துக்குப் பொதுவாக வைத்தியம் வேண்டாம்.

பல்லுக்குக் கம்பி கட்டினால் இந்த வலி சரியாகும் என்பார்கள் சிலர். கம்பி கட்டியதால்தான் வந்தது என்பார்கள் வேறு சிலர். இரண்டுக்கும் உறுதியான ஆதாரம் கிடையாது; கம்பி பல்வரிசையைச் சீராக்கத்தான். மூட்டை வருத்துவது பலருக்கு, தன்னையறியாமல் பல்லைக் கடிக்கும் பழக்கம். வாய் மூடியிருந்தாலும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாது. இப்போது உங்களுக்குத் தொடுகிறதா, பாருங்கள்!

வலித்தால் சில நாள் கஞ்சி, இட்லி, வெந்நீர் ஒத்தடம். கொட்டாவி வந்தால் முகவாயைக் கையால் தாங்குங்கள். பெரும்பாலும் தணிந்துவிடும். வாரக்கணக்கில் தணியாவிட்டாலோ, மூன்று விரல் நுழையும் அளவுக்கு வாய் திறக்காவிட்டாலோ, போடிமெட்டு இறங்கித் தேனிக்கோ, கோட்டயம் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ போய்க் காட்டிவிடுங்கள்.