பம்ப் எங்கே போச்சு?

மலேசியாவின் பிளஸ் நெடுஞ்சாலையில் ஜூருவிலிருந்து ஸ்கூடாய் வரை ஆர்.எஃப்.ஐ.டி. டோல் 2022 ஜனவரி 15-ஆம் தேதி வந்தது. காரில் ஒட்டுகிற அந்த வில்லைக்குள் பேட்டரி கிடையாது. டோல் சாவடி அனுப்பும் அலையிலிருந்தே சக்தி எடுத்துத் தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். மருத்துவமனை அவசரப் பிரிவிலுள்ள கருவிகளுக்கும் இந்த வசதி வேண்டும் என்று கேட்கத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ஜொகூரில் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்தவன் நான். அவசரப் பிரிவில் அடிக்கடி காணாமல் போவது இன்ஃபியூஷன் பம்ப். உயிருக்குப் போராடுபவர்களை வைக்கும் சிவப்பு மண்டலத்தில் ரத்த அழுத்தம் விழுந்து கிடப்பவருக்கு நோராட்ரினலின் ஏற்றுவோம். மணிக்கு எத்தனை மில்லி என்று அளந்து விடுவது பம்ப்தான். நடுவில் நிறுத்த முடியாது. நோயாளி ஸ்கேனுக்குப் போனால் பம்பும் போகும், ஐ.சி.யூ.வுக்குப் போனால் அங்கேயும் போகும். குளுவாங்கிலிருந்து ஆம்புலன்ஸில் ஜொகூர் பாருவுக்கு மாற்றினால் அங்கேயே தங்கிவிடுவதும் உண்டு. யாரும் திருடவில்லை, நேயர்களே! நோயாளியோடு போனது, அவ்வளவுதான்.

ஓர் இரவு, காய்ச்சல் முற்றி ஒரு பெரியவரைக் கொண்டு வந்தார்கள். கைவசம் பம்ப் இல்லை. தாதி ஒவ்வொரு வார்டாகப் போன் போடுகிறார், நான் மாடிப்படி ஏறுகிறேன். மேல் மாடியில், காலியான கட்டிலுக்குப் பின்னால் ஒன்று நின்றது. பிளக் சொருகாததால் பேட்டரி செத்திருந்தது. கீழே டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணி மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். பெரியவர் பிழைத்தார். ஆனால் அவர் பக்கத்தில் இருக்க வேண்டிய இரண்டு பேர் அந்த நேரம் பம்ப் தேடிக்கொண்டிருந்தோம். எனக்கு ஆறாதது அதுதான்.

பம்பில் வில்லை ஒட்டி, வார்டு வாசலிலும் ஆம்புலன்ஸ் ஏறுமிடத்திலும் அதைப் படிக்கும் ரீடர் இருந்தால், எந்த பம்ப் எந்த வாசலை எப்போது தாண்டியது என்று திரையில் தெரிந்துவிடும். பேட்டரி உள்ள வில்லையானால் தானே சில வினாடிக்கு ஒருமுறை குரல் கொடுக்கும். எந்த அறை என்றே சொல்லலாம். விலைதான் கூடுதல். உலோகத்தின் மேல் சாதாரண வில்லை சரியாக வேலை செய்யாது, அதற்கென்று உள்ளதை வாங்க வேண்டும்.

நமக்கு இது எட்டாத விஷயமில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம், 2003-இல் சார்ஸ் தொற்று வந்தபோது, சிங்கப்பூர் அலெக்சாண்ட்ரா மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வருகிற ஆட்களுக்கே இப்படி அட்டை கொடுத்து நடமாட்டத்தைக் கண்காணித்தார்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2008-இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் நோயாளி இல்லாத அறையில் 41 கருவிகளை வைத்து 123 சோதனை செய்தார்கள். 34 முறை ஆர்.எஃப்.ஐ.டி. அலை கருவியைக் குழப்பியது. அதில் 22 ஆபத்தானவை. சிரிஞ்ச் பம்ப் நின்றிருக்கிறது, வென்டிலேட்டர் அணைந்திருக்கிறது. அதனால் ரீடரைக் கட்டில் தலைமாட்டில் வைக்காதீர்கள், வாசலில் வையுங்கள். மாட்டுவதற்கு முன் உங்கள் கருவிகளோடு சோதித்துப் பாருங்கள்.

நேரம் முடியப் போகிறது. மருத்துவமனை வாரியங்களில் இருக்கும் நேயர்களே, அடுத்த முறை பம்ப் வாங்கும் பட்டியலில் வில்லைக்கும் ரீடருக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குவீர்கள் என்று நம்புகிறேன்.