எரிந்த தானியத்தில் எருவின் தடம்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவியர் சங்கம் ஒழுங்கு செய்த விரிவுரை மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாடசாலையின் நூறாவது ஆண்டில் என்னையும் பேச அழைத்ததற்கு நன்றி. "விஞ்ஞானம் படித்த ஆட்களுக்கு மட்டும் விளங்கிற மாதிரிப் பேசிப்போடாதை" என்று செயலாளர் அக்கா தொலைபேசியிலேயே எச்சரித்துவிட்டார். ஆகவே இன்று மாட்டெருவைப் பற்றிப் பேசப் போகிறேன்.

நான் வேலை செய்வது ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில். தொல்லியலாளர் தோண்டியெடுத்து அனுப்பும் கருகிய தானியங்களைத் துப்புரவாக்கி, அரைத்து, நிறுத்து, திணிவு நிறமாலைமானி என்ற கருவியில் அளப்பது என் தொழில். ஒரு மில்லிகிராம் அளவான தூளை மிகச் சிறிய தகரக் கிண்ணத்தில் இட்டு மடித்துக் கொடுப்போம். அதை எரித்து, வெளிவரும் வாயுவில் உள்ள அணுக்களைப் பாரமானவை, பாரம் குறைந்தவை என்று பிரித்து அளக்கிறோம்.

சமதானிகள் உயர்தர வகுப்பில் படித்தவை. பலருக்கு மறந்தும் போயிருக்கும். ஒரே மூலகம், புரோத்தன்களின் எண்ணிக்கையும் ஒன்றே. நியூத்திரன் மட்டும் கூடக் குறைய இருக்கும். காபன் அணுக்களில் நூற்றுக்கு ஒன்று, 12 என்பதற்குப் பதிலாக 13 திணிவெண் கொண்டது. நைதரசனில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ நாலு, 14 ஆக இல்லாமல் 15 ஆக இருக்கும். காலக்கணிப்புக்குப் பயன்படும் காபன் 14 போல இவை சிதைவதில்லை. ஒரு தாவரம் வளர்ந்தபோது தனக்குள் எடுத்துக்கொண்ட விகிதம், அதன் மணி நன்றாகக் கருகிக் கிடந்தால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் பின்பும் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

முதலில் காபன். நெல், கோதுமை, உழுந்து, பயறு ஆகியவை ஒளித்தொகுப்பை ஒரு வழியில் செய்கின்றன. குரக்கன், சோளம், இறுங்கு, சாமை, தினை, கரும்பு ஆகியவை வேறொரு வழியில் செய்கின்றன. முதற் கூட்டத்தில் பாரமான காபன் குறைவு. நாங்கள் பயன்படுத்தும் அளவுகோலில் அவை ஏறத்தாழ −27 இலும், குரக்கன் கூட்டம் −12 இலும் நிற்கும். வாழ்நாள் முழுவதும் குரக்கன் புட்டுச் சாப்பிட்டவரையும் சோறு சாப்பிட்டவரையும் எலும்பை வைத்தே வேறுபடுத்தலாம். 1970களின் பிற்பகுதியில் வோகல், வான் டெர் மேர்வ என்ற இருவர், வட அமெரிக்கப் பழங்குடியினருக்குச் சோளம் எப்போது முக்கிய உணவாயிற்று என்பதை இப்படித்தான் கண்டார்கள். எங்கள் நாட்டிலும் பத்தடொம்ப லென முதலான இடங்களில் கிடைத்த மனிதப் பற்களின் மிளிரியை அளந்து, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கு மனிதர் மழைக்காட்டு உணவை நம்பி வாழ்ந்தனர் என்று 2015 இல் காட்டினார்கள். அவர்கள் கமக்காரர்கள் அல்லர். ஆகவே அந்தக் கதையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

நான் விரும்பிச் சொல்ல வந்தது நைதரசனின் கதை.

எரு குவிந்து கிடக்கும் இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்திருப்பீர்கள். அந்தக் கார நெடி அமோனியா. அமோனியா பறக்கும்போது பாரம் குறைந்த நைதரசன் அணுக்கள் முதலில் போய்விடுகின்றன. மிஞ்சும் எருவில் 15 இன் பங்கு கூடுகிறது. அந்த எருவை உண்டு வளரும் பயிரிலும் கூடுகிறது. இவ்வளவுதான் தத்துவம்.

ஆனால் எவ்வளவு எருவுக்கு எவ்வளவு கூடும்? அதை அறிய, பல ஆண்டுகள் ஒரே விதமாக எருவிட்ட ஒரு வயலும், அதற்குப் பக்கத்திலேயே எருவே காணாத இன்னொரு வயலும் வேண்டும். அப்படி ஓரிடம் இங்கிலாந்தில் உண்டு. றொதம்ஸ்ரெட் என்ற ஆராய்ச்சி நிலையத்தில், புறோட்பாக் என்ற வயலில், 1843 முதல் கோதுமை விதைத்து வருகிறார்கள். ஒரு துண்டுக்கு ஆண்டுதோறும் ஹெக்டேயருக்கு 35 தொன் தொழுவெரு. இன்னொரு துண்டுக்கு ஒன்றுமே இல்லை. அறுவடைகளின் மாதிரிகளையும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். தொடங்கியவர்கள் லோஸ், கில்பேட் என்ற இருவர். பசளை பற்றிய தங்கள் காலத்துக் கேள்விக்காகத் தொடங்கினார்கள். சமதானி என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளின் பின் தொல்லியலாளர் வந்து அந்த மாதிரிகளைக் கேட்பார்கள் என்று அவர்கள் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள்.

அங்கும் வேறிடங்களிலும் அளந்து பெற்ற அளவுகோல் இது: பல ஆண்டுகளாக நிறைய எரு கண்ட நிலத்துத் தானியம் ஆயிரத்துக்கு 6 என்ற அளவைத் தாண்டும்; எரு காணாத நிலத்தினது 2, 3 என்ற அளவில் அல்லது அதற்குக் கீழ் நிற்கும். தொல்லியலில் கிடைப்பவை கருகிய மணிகள் என்பதால், கருகும்போது விகிதம் மாறுமா என்றும் பார்க்கவேண்டியிருந்தது. புதுத்தானியத்தை 200 பாகை செல்சியசுக்கு மேல் மணிக்கணக்காகச் சூடாக்கிப் பரிசோதித்தார்கள். மாற்றம் 0.3 அளவில்தான், கழித்துவிடலாம். (நாங்கள் அப்படிக் கருக்கும் நாட்களில் மாடி முழுவதும் அடிப்பிடித்த கஞ்சி மணக்கும்.)

2013 இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏமி போகாட் தலைமையிலான குழு, ஐரோப்பாவின் 13 புதிய கற்கால ஊர்களிலிருந்து ஏறத்தாழ 2,500 கருகிய மணிகளை எடுத்து அளந்த முடிவை வெளியிட்டது. காலம் கி.மு. 5900 முதல் கி.மு. 2400 வரை. சில ஊர்கள் தீப்பற்றி எரிந்ததால்தான் அவற்றின் தானியம் எங்களுக்குக் கிடைத்தது. ஜேர்மனியில், கொன்ஸ்ரன்ஸ் ஏரிக்கரையில், கால் நட்டுக் கட்டிய வீடுகளைக் கொண்ட ஹோர்ன்ஸ்ராட் என்ற கிராமம் கி.மு. 3900 அளவில் எரிந்தது. அன்றைய வீடுகளின் சேமிப்புத் தானியம் கரியாகி ஏரிச் சேற்றில் காத்துக் கிடந்தது. அந்த வீட்டுக்காரருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பாக இருந்திருக்கும்!

முடிவு என்ன? பல ஊர்களில் எருவிட்டிருக்கிறார்கள். எல்லாப் பயிருக்கும் ஒரே அளவிலும் இடவில்லை. அதுவரை பல ஆய்வாளர், ஐரோப்பாவின் முதற் கமக்காரர் காட்டை வெட்டி எரித்து, சில போகம் விதைத்து, நிலம் சோர்ந்ததும் அடுத்த இடத்துக்குப் பெயர்ந்தவர்கள் என்றே எழுதிவந்தார்கள். தோட்டம் செய்த வீடுகளில் பிறந்த எங்களுக்கு இதில் உள்ள இடறல் உடனே தெரியும். குழை தாழ்த்துவதும் ஆட்டுப்பட்டி அடைப்பதும் ஒரு போகத்துக்கான வேலைகளா? எருவின் பலன் மெல்ல மெல்ல, பல ஆண்டுகளில் வருவது. அடுத்த ஆண்டு விட்டுப்போகிற காணிக்கு யாரும் எருச் சுமக்கமாட்டார்கள். ஆகவே அந்த மணிகளில் இருப்பது, "இந்த நிலம் எங்களிடமே இருக்கும், பிள்ளைகளிடமும் இருக்கும்" என்ற எண்ணத்தின் தடம் என்று நான் நினைக்கிறேன். காணி உரிமை, சீதனக் காணி, எல்லைச் சண்டை எல்லாம் இப்படியான இடத்தில்தான் தொடங்கியிருக்க வேண்டும். (சபையில் சிரிப்பு.) அந்த எருவை யார் சுமந்தார், ஆணா பெண்ணா என்று சமதானி சொல்லாது. எனக்கு ஓர் ஊகம் உண்டு. ஆனால் அளந்து காட்ட முடியாததால் சொல்லமாட்டேன்.

இதில் இன்னொரு விளைவும் உண்டு. உண்ணப்படும் பொருளிலிருந்து உண்பவருக்கு வரும்போது நைதரசன் 15 ஆயிரத்துக்கு 3 முதல் 5 வரை கூடும். பழைய எலும்பில் அது உயர்ந்திருந்தால், "இறைச்சியும் பாலும் நிறையச் சாப்பிட்டிருக்கிறார்கள்" என்று எழுதிவிடுவது வழக்கமாக இருந்தது. எருவிட்ட தானியத்தைச் சாப்பிட்டாலும் எலும்பில் அதே உயர்வு வருமல்லவா? அந்த ஊர்களின் உணவில் தானியத்தின் பங்கு முன்பு நினைத்ததைவிட அதிகம் என்று இப்போது திருத்திக் கணிக்கிறார்கள். தட்டில் இருந்த கஞ்சியை நாங்கள் இறைச்சி என்று வாசித்திருந்தோம். பயிரை அளக்காமல் எலும்பை மட்டும் அளந்து எழுதும் கட்டுரைகளை நான் இன்றும் சந்தேகத்தோடுதான் வாசிக்கிறேன்.

வறண்ட நிலம், கடற்பறவை எச்சம், சதுப்பு மண் ஆகியவையும் இந்த எண்ணை உயர்த்தக்கூடும். ஆகவே ஓர் ஊரின் மழையும் மண்ணும் தெரியாமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது. வட மெசொப்பொத்தேமியாவை, அதாவது இன்றைய சிரியாவின் வடபகுதியை ஆராய்ந்தபோது மழையளவையும் கணக்கில் எடுத்தார்கள். ஏமி ஸ்ரைறிங்கும் அவருடைய குழுவினரும் 2017 இல் வெளியிட்ட அந்த ஆய்வில் ரெல் பிராக் போன்ற, உலகின் மிகப் பழைய நகரங்களின் தானியங்கள் உள்ளன. நகரம் பெருக, வயலுக்கு இட்ட எருவும் பெருகியிருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் குறைந்திருந்தது. கூடிய வாய்களுக்குச் சோறு போட்டது நிலத்தின் பரப்பு. நெருங்கிய பராமரிப்பைக் கைவிட்டு, தூரத்து நிலங்களையும் குறைந்த எருவோடு உழுது விதைத்திருக்கிறார்கள். அப்படி உழ எருதுகள் வேண்டும், அகன்ற காணி வேண்டும். அவை யாரிடம் இருந்தனவோ அவரிடம் தானியம் குவிந்தது. செல்வ ஏற்றத்தாழ்வின் ஒரு வேரை ஆய்வாளர் அங்கே காண்கிறார்கள். கையளவு பூமியில் தன் கையால் எருச் சுமந்த குடும்பத்துக்கு அந்த நகரத்தில் என்ன இடம் இருந்தது என்பதுதான் என்னை உறுத்தும் கேள்வி.

தங்கைமார் ஒருவர் தேநீர் வேளையில், "அளந்த பிறகு அந்தத் தானியம் என்னவாகும்?" என்று கேட்டார். அது எரிந்து வாயுவாகிவிடும்; திரும்பக் கிடைக்காது. அதனால் முதலில் ஒவ்வொரு மணியையும் படம் எடுத்து, அளவெடுத்துப் பதிவு செய்கிறோம். முடிந்த இடங்களில் ஒரு பகுதியைத் தொடாமல் குப்பியில் போட்டு, பெயரெழுதி வைத்துவிடுகிறோம். இனி என்ன கருவி வருமோ, அதைப் பிடித்து யார் என்ன கேட்பார்களோ, எங்களுக்குத் தெரியாது. அந்தக் குப்பிகளில் சில என் மேசை இழுப்பறையிலும் இருக்கின்றன.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.