குறிஞ்சியும் கல்பாசியும்



2018-இல் குறிஞ்சி பூத்தபோது இந்தக் கொடைக்கானல் மலைக்கு வந்த கூட்டத்தை நீங்களே பார்த்தீர்கள். 12 ஆண்டு காத்திருந்து, ஒரே பருவத்தில் சரிவெல்லாம் பூத்து, விதை விட்டு மடிகிற செடி அது. சங்கப் புலவர்கள் ஒரு திணைக்கே அதன் பெயரை வைத்தார்கள். நம் ஊர் முருகனும் குறிஞ்சி ஆண்டவராகவே நிற்கிறான்.

இதே மலையில், மரப்பட்டையிலும் பாறையிலும் படர்ந்திருக்கிற கல்பாசியைப் பார்க்க யாராவது வந்ததுண்டா? மேலே சாம்பல், அடியில் கறுப்பு. காய்ந்த துண்டைக் கையில் எடுத்தால் நொறுங்கும். செட்டிநாட்டுக் குழம்புக்குத் தாளிக்கும்போது, பட்டை கிராம்போடு அதையும் போடுகிறோம். சூடான எண்ணெய் பட்டதும் மணம் கிளம்புகிறது. அதோடு அதை மறந்துவிடுகிறோம்.

தாய்மார்களே, அந்தத் துண்டு ஓர் உயிர் அல்ல. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்துகிற குடித்தனம் அது! பாசி வெயிலில் உணவு தயாரிக்கிறது; பூஞ்சை அதற்கு இடமும் ஈரமும் கொடுக்கிறது. 1869-இல் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர் இதைச் சொன்னபோது அறிஞர்கள் பலர் ஏற்க மறுத்தார்கள். கல்பாசிக்கு வேர் கிடையாது. மழையும் பனியும் காற்றும் தருவதை வைத்தே வாழ்கிறது. அதனால் காற்று கெட்டால் முதலில் அடிபடுவதும் இதுதான். ஊர்க்காற்றின் நலத்தை இத்தகைய பூஞ்சை-பாசிக் கூட்டுயிர்களை வைத்தே அறியலாம் என்று பாரிஸில் தாவரவியலாளர் வில்லியம் நைலாண்டர் 1866-இலேயே எழுதினார்.

எளிதாகக் கிடைக்கிறதே என்று அலட்சியம் வேண்டாம். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் இது வளரும். ஒரு பிடி சுரண்டினால் பல ஆண்டு வளர்ச்சி போய்விடும். குறிஞ்சியோ அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனமாக 2024-இல் பன்னாட்டுச் செம்பட்டியலில் ஏறிவிட்டது. தேயிலையும் வாட்டில் மரமும் யூகலிப்டஸும் புல்வெளியை விழுங்கியதால் வந்த வினை அது. குறிஞ்சிக்குப் புல்வெளி வேண்டும். கல்பாசிக்குச் சோலை மரம் வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் நம் மலை. ஒன்றை அழித்து மற்றொன்றைக் காக்க முடியாது.

அதனால் கேட்கிறேன். அடுத்த பூப்பு 2030. வரப்போகும் வண்டிகளுக்கு இடம் தேடி ஒரு சோலை மரத்தைக்கூட வெட்டக்கூடாது. கல்பாசி எடுப்பவர்கள் பட்டையை மொத்தமாக வழிக்காமல், மறுபடி படர மிச்சம் விட வேண்டும். ஆசிரியர்கள் ஆண்டுதோறும் மாணவர்களை அழைத்துப் போய், சாலையோர மரத்திலும் சோலைக்குள் நிற்கும் மரத்திலும் உள்ள கல்பாசியை ஒப்பிட்டுக் காட்ட வேண்டும்.

2030-இல் நம் பிள்ளைகள் குறிஞ்சியைப் பார்க்க ஏறும்போது, வழிநெடுகச் சோலை மரங்களில் கல்பாசியும் படர்ந்திருக்க வேண்டும். அதற்கான வேலையை இந்த ஆண்டே தொடங்குவோம்.